டி.ஜே. நிகழ்ச்சிக்கு பேட்டரி ஸ்பீக்கர்: பெட்டியில் உள்ள வாட்ஸை நம்பலாமா?

என்னுடன் இன்ஜினியரிங் படித்த நண்பன் ஒருவன் வார நாட்களில் சாஃப்ட்வேர் டெஸ்டர். சனி, ஞாயிறுகளில் டி.ஜே. பிறந்த நாள், ஆபீஸ் டீம் அவுட்டிங், அபார்ட்மெண்ட் பார்ட்டி என்று சின்னச் சின்ன நிகழ்ச்சிகள்தான். முதன்முதலாக அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு அவன் செய்த நிகழ்ச்சி, தாம்பரம் பக்கம் ஒரு மொட்டை மாடியில் நடந்தது. மாடியில் பிளக் பாயிண்ட் இல்லை என்பதால் சக்கரம் வைத்த டிராலி ஸ்பீக்கர் ஒன்றை வாங்கிக்கொண்டு போனான். பெட்டியில் ‘8000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ., பேட்டரி 6 மணி நேரம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஏழரை மணிக்குத் தொடங்கிய பாட்டு எட்டே முக்காலுக்குக் கரகரத்தது, ஒன்பதுக்கு நின்றுவிட்டது. கேக் வெட்டியதே அப்போதுதான். மீதிப் பணத்தை அவன் கேட்கவில்லை, அவர்களும் தரவில்லை.

மறுநாள் அந்த ஸ்பீக்கரின் பின்பக்கத்தை இருவரும் கழற்றிப் பார்த்தோம். உள்ளே இருந்தது 12 வோல்ட், 4.5 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரி. இரண்டையும் பெருக்கினால் 54 வாட்-அவர். அதாவது 54 வாட் சக்தியை ஒரு மணி நேரம் தரக்கூடிய பேட்டரி. பெட்டியில் போட்ட 8000 வாட் உண்மை என்றால், இந்த பேட்டரி 25 நொடிகூடத் தாங்காது!

கம்ப்யூட்டருக்கு சப்-ஊஃபர் செட் வாங்கிய பழைய வாசகர்களுக்கு பி.எம்.பி.ஓ. நினைவிருக்கும். அதை எப்படி அளக்க வேண்டும் என்று பொதுவான விதி எதுவும் கிடையாது. ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். அல்லது தொடர்ச்சியான வாட்ஸ். அதைவிட முக்கியம், எஸ்.பி.எல். என்று குறிப்பிடப்படும் டெசிபல் அளவு.

டெசிபல் கணக்கு

வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரு மடங்கு சத்தமாகக் கேட்க ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் தேவை. எனவே 200 வாட் ஸ்பீக்கருக்கும் 400 வாட் ஸ்பீக்கருக்கும் நீங்கள் நினைக்கும் அளவுக்கு வித்தியாசம் இருக்காது.

நிறுவனங்கள் தரும் டெசிபல் அளவு ஸ்பீக்கரிலிருந்து ஒரு மீட்டர் தூரத்திற்கானது. திறந்த வெளியில் தூரம் இரு மடங்காகும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். 8 மீட்டரில் நிற்பவருக்கு 18 டெசிபல் போய்விடும். போஸ் எஸ்1 ப்ரோ (2018) ஸ்பீக்கரின் உச்ச அளவு 109 டெசிபல். தொடர்ச்சியாக என்றால் 103. ஜே.பி.எல். இயான் ஒன் காம்பாக்ட் 112. எலக்ட்ரோ-வாய்ஸ் எவர்ஸ் 8 (2022) 121. மூன்றையும் ஒரு கையால் தூக்கிவிடலாம், ஏழெட்டுக் கிலோதான். ஆனால் உச்ச அளவுகளின்படி, எட்டாவது மீட்டரில் முதலாவது 91, மூன்றாவது 103. பத்துப் பேர் உட்கார்ந்து பேசும் வரவேற்பறைக்கு முதலாவதே அதிகம். ஐம்பது பேர் கத்திக்கொண்டு ஆடும் மொட்டை மாடியில் அது திணறும். ஒப்பிடும்போது உச்ச அளவை உச்ச அளவுடனேயே ஒப்பிடுங்கள். பல விளம்பரங்கள் எந்த அளவு என்று சொல்வதே இல்லை.

பேஸ் விஷயத்தில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. 6 அல்லது 8 இன்ச் ஊஃபரில் நெஞ்சு அதிரும் அடி வராது. வால்யூமை ஏற்ற ஏற்ற, ஊஃபரைக் காப்பாற்ற உள்ளே இருக்கும் சர்க்யூட்டே பேஸைக் குறைத்துவிடும். நீங்கள் ஈக்வலைசரில் பேஸைக் கூட்டினால் பேட்டரிதான் சீக்கிரம் தீரும்.

எத்தனை மணி நேரம், எந்த வால்யூமில்?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். டென்மார்க் நாட்டு சவுண்ட்பாக்ஸ் நிறுவனம் இதில் நேர்மையாக நடந்துகொண்டது. அதன் மூன்றாம் தலைமுறை ஸ்பீக்கருக்கு நடுத்தர வால்யூமில் 40 மணி நேரம், முழு வால்யூமில் 5 மணி நேரம் என்று இரண்டையும் சொன்னது. ஒரே பேட்டரி, எட்டு மடங்கு வித்தியாசம்! ஒரே ஒரு எண்ணை மட்டும் போட்டிருந்தால் அது குறைந்த வால்யூமுக்கானது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். டி.ஜே. யாரும் குறைந்த வால்யூமில் வாசிப்பதில்லை.

லெட் ஆசிட் பேட்டரி விலை குறைவு, ஆனால் கனம். வேகமாகக் கரண்ட் எடுத்தால், மேலே எழுதியிருக்கும் ஆம்பியர்-அவர் முழுவதும் கிடைக்காது. காலியான நிலையில் இரண்டு மாதம் மூலையில் போட்டுவிட்டால் பெரும்பாலும் அதோடு சரி. லித்தியம் இருந்தால் அதையே வாங்குங்கள். கழற்றி மாற்றும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. வெளியூருக்கு விமானத்தில் போகிறவர்கள் வாட்-அவர் எண்ணைக் குறித்து வையுங்கள்: 100 வரை பிரச்சினை இல்லை, 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதற்கு மேல் பயணி எடுத்துச் செல்ல முடியாது. கூடுதல் பேட்டரி கைப்பையில்தான் வர வேண்டும்.

புளூடூத் வேண்டாம்

புளூடூத்தில் பாட்டு ஸ்பீக்கருக்குப் போய்ச் சேர 100 முதல் 200 மில்லி செகண்ட் வரை தாமதம் ஆவது சாதாரணம். நிமிடத்திற்கு 120 பீட் ஓடும் பாட்டில் ஒரு பீட்டுக்கு 500 மில்லி செகண்ட். ஹெட்போனில் ஒரு பீட், ஸ்பீக்கரில் கிட்டத்தட்ட அரை பீட் தள்ளி இன்னொன்று என்றால் மிக்ஸ் செய்வது எப்படி? ஆகவே வயர்தான். பயனியர் டி.டி.ஜே. எஃப்.எல்.எக்ஸ்.4 போன்ற கண்ட்ரோலரில் ஆர்.சி.ஏ. அவுட்புட் இருக்கிறது. ஸ்பீக்கரில் பெரும்பாலும் எக்ஸ்.எல்.ஆர். அல்லது 6.35 மில்லி மீட்டர் ஜாக் இருக்கும். இரண்டுக்கும் இடையிலான கேபிளை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். ஒரே ஸ்பீக்கர் என்றால் இடது, வலது இரண்டையும் இரண்டு சேனல்களில் செருகுங்கள். இடது மட்டும் செருகினால் பாட்டில் பாதி காணாமல் போகும்.

இந்தக் கண்ட்ரோலர் கரண்டை லேப்டாப்பின் யு.எஸ்.பி. வழியாகவே எடுத்துக்கொள்ளும். எனவே லேப்டாப் பேட்டரியும் நிகழ்ச்சி முடியும்வரை நிற்க வேண்டும். வை-ஃபையையும் விண்டோஸின் நோட்டிஃபிகேஷன் சத்தங்களையும் நிறுத்திவிடுங்கள். மெயில் வந்த ‘டிங்’ ஐம்பது பேருக்குக் கேட்க வேண்டாம். இரவு 10 மணிக்கு மேல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. மற்ற நேரத்திலும் எழுத்து மூலமான அனுமதி தேவை. அதை யார் வாங்குவது என்பதை அட்வான்ஸ் வாங்கும்போதே பேசிக்கொள்ளுங்கள்.

நண்பன் இரண்டாவது முறை உடனே வாங்கவில்லை. 8 இன்ச் ஊஃபர் கொண்ட லித்தியம் ஸ்பீக்கர் ஒன்றை ஒரு நாள் வாடகைக்கு எடுத்தான். பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, பகலில் தன்னுடைய வழக்கமான பாட்டு வரிசையை நிகழ்ச்சி வால்யூமிலேயே ஓடவிட்டான். பெட்டியில் 12 மணி நேரம் என்றிருந்தது 4 மணி 10 நிமிடத்தில் நின்றது. அதே மாடலைத்தான் பிறகு வாங்கினான். இப்போது யார் கேட்டாலும் பேட்டரியில் மூன்று மணி நேரம் என்றுதான் சொல்கிறான்.