சாவியைக் காட்டாமல் உரிமையைக் காட்டுவது எப்படி?

ஆவுடையார்கோவிலில் இருப்பவர் தன் சொந்த வாலட்டிலிருந்து கிரிப்டோவை எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பினால், 'இது உங்களுடையதுதானா?' என்ற கேள்வி எழலாம். காரணம், 2023 மார்ச் 7 முதல் இந்திய எக்ஸ்சேஞ்சுகள் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. ஸ்கிரீன்ஷாட் வலுவான சான்றல்ல, பிறர் முகவரியையும் திரையில் வரவழைக்கலாமே! எக்ஸ்சேஞ்ச் தரும் புத்தம்புது வாசகத்தில் வாலட்டின் ரகசியச் சாவியால் கையெழுத்திடுவதே வலுவான சான்று. பிட்காயினில் அந்தச் சாவி 256 பிட் எண். அதிலிருந்து பொதுச் சாவியைக் கணக்கிடுவது எளிது. பொதுச் சாவியிலிருந்து அதைக் கண்டுபிடிப்பது இன்றைய கணினிகளால் ஆகாது. கையெழுத்தைச் சரிபார்க்கப் பொதுச் சாவியே போதும், ரகசியம் வெளியேறுவதில்லை.

சாவியைத் திருடியவனும் கையெழுத்திடுவானே என்றால், உண்மைதான். கணிதம் காட்டுவது கட்டுப்பாட்டை மட்டுமே. உரிமைக்கு அடையாள ஆவணமும் வாங்கிய விவரமும் சேரவேண்டும். வாலட்டை மீட்டெடுக்க உதவும் மீட்புச் சொற்களை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். இந்தக் கையெழுத்துச் சோதனைக்கு அவை தேவையே இல்லை.