பால் கவர், அயர்ன் பாக்ஸ், திறந்த ஜன்னல்

சோப்புத் தண்ணீரில் அலசி, கொடியில் காயவைத்த பால் கவர்கள் எட்டு. வெட்டி விரித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலும் கீழும் கேக் சுடும் பட்டர் பேப்பரை வைத்து, மிதமான சூட்டில் அயர்ன் பாக்ஸை மெதுவாக ஓட்டினால் எட்டும் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். ஆறியதும் பேப்பரை உரித்தால் தண்ணீர் புகாத ஷீட் ஒன்று கையில் வரும். பை தைக்கலாம், பூந்தொட்டிக்கு அடியில் விரிக்கலாம். சாப்பாடு பொதிய மட்டும் வேண்டாம்.

கொஞ்சம் கெட்டியான பலகை வேண்டுவோர் ஷாம்பு பாட்டிலையும் மூடிகளையும் நறுக்கி, அவனில் உருக்கி அழுத்துகிறார்கள். நெதர்லாந்தின் டேவ் ஹக்கன்ஸ் 2013-ல் தொடங்கிய ‘பிரஷியஸ் பிளாஸ்டிக்’ இதற்கான இயந்திர வரைபடங்களை இலவசமாகவே தருகிறது. ஆசை வந்து, சமையலறை அவனையே பற்றவைக்கும்போதுதான் சிக்கல். பிளாஸ்டிக் உருக்கிய அவனில் மறுபடி கேக் சுடக் கூடாது.

அடியில் இருக்கும் எண்

பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 4 என்றால் பால் கவர் வகை. ஏறக்குறைய 110 டிகிரி செல்சியஸில் உருகும். 2, ஷாம்பு பாட்டில் வகை, 130 டிகிரியை ஒட்டி. 5-க்கு 160-க்கு மேல் வேண்டும். இவற்றைக் கலந்து உருக்கினால் சரியாக ஒட்டாது. பலகை அடுக்கடுக்காகப் பெயரும்.

3 எண் பக்கமே போகக் கூடாது. அது பி.வி.சி. பைப், ரெக்சின் எல்லாம் இந்த வகைதான். சூடேறினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும். கண் எரியும், தொண்டை கமறும், நுரையீரல் புண்ணாகும். எரிந்தால் டையாக்சினும் சேர்ந்துகொள்ளும். 6, அதாவது தெர்மாகோல், இன்னொரு ரகம். சூட்டில் அது விடும் ஸ்டைரீனுக்கு லேசான இனிப்பு வாடை என்பதால் யாருக்கும் பயம் வராது. புற்றுநோயை உண்டாக்க அதிக வாய்ப்புள்ளவை என்ற பட்டியலுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2018-ல் அதை உயர்த்தியது.

மதுரையில் பிளாஸ்டிக் சாலை போட்டுக் காட்டி, 2018-ல் பத்மஸ்ரீ பெற்ற தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவனின் முறையிலும் பி.வி.சி.க்கு இடமில்லை. திறந்த வெளியில் போடும் சாலைக்கே இந்தக் கட்டுப்பாடு என்றால், நாலு சுவருக்குள்?

புகை, தூசி, சூடு

உருகலாம், புகையக் கூடாது. புகை தெரிந்தால் சூடு கூடிவிட்டது. உடனே அணைத்துவிட வேண்டும். மொட்டை மாடியோ, எதிரெதிர் ஜன்னல் திறந்த அறையோதான் ஏற்ற இடம். துணி மாஸ்க் வாயுவைத் தடுக்காது. ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் அந்தப் பக்கம் வராமல் இருப்பது நல்லது. பலகையை அறுக்கும்போது பறக்கும் தூளையும் ஈரத்துணியால் துடைத்து எடுக்க வேண்டும். விளக்குமாறு போட்டால் மூக்கில்தான் ஏறும்.

உருகிய பிளாஸ்டிக் தோலில் பட்டால் சட்டென ஒட்டிக்கொள்ளும். பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும். டூத்பேஸ்ட், இங்க், காபித்தூள் எதையும் அப்பாமல், ஒட்டியதை அப்படியே விட்டுவிட்டு, குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.