கற்கால உணவும் வெள்ளிக்கிழமைச் சமையலும்

சோறில்லாத சாப்பாடு சாப்பாடாகுமா என்று கேட்பவர் நம்மிடையே பலர். அவர்களைத் திகைக்க வைக்கும் உணவு முறையொன்று மேல்நாட்டிலிருந்து வந்து இங்கும் பேசப்படுகின்றது. 'பேலியோ' என்பது அதன் பெயர். பழைய கற்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம்.

வேளாண்மை தோன்றுமுன் மாந்தர் உண்டவற்றையே நாமும் உண்ணல் வேண்டும் என்பது அதன் கொள்கை. அமெரிக்க வைத்தியர் வால்டர் வோக்ட்லின் 1975 ஆம் ஆண்டிலேயே இதுபற்றி நூலெழுதினார். எனினும், 2002 இல் லோரன் கோர்டெய்ன் எழுதிய நூலே இதனைப் பலரறியச் செய்தது. இறைச்சி, மீன், முட்டை, காய்கறி, பழம், கொட்டை வகைகள் ஆகும். அரிசி, கோதுமை, பருப்பு, பால், சீனி ஆகா. கஜு ஆகும், கச்சான் ஆகாது. கச்சான் பயற்றினத்தைச் சேர்ந்ததாம்!

கற்காலத்தவர் எல்லோரும் ஒரே வகை உணவையா உண்டனர்? நம் நாட்டுப் பாஹியன்கலக் குகையில் ஏறக்குறைய 45,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தோர் குரங்கையும் அணிலையும் வேட்டையாடி உண்டனர். யோர்தானிலோ, வேளாண்மைக்கு முற்பட்ட சுமார் 14,400 ஆண்டுப் பழைமையுடைய கருகிய ரொட்டித் துணுக்குகள் கிடைத்துள்ளதாக 2018 இல் அறிவித்தனர். தானியத்தைத் தள்ளுவோர் இதற்கு என்ன விடை கூறுவரோ, அறியோம்.

இருப்பினும், நம் தமையனார் நீரிழிவின் பொருட்டு வைத்தியரைக் கேட்டு இம்முறையைக் கைக்கொண்டுள்ளார். மற்றை நாட்களில் மீன் உண்டு. வெள்ளிக்கிழமையில் வீட்டில் மச்சம் இல்லை; முட்டையும் இல்லை. பருப்பும் தயிரும் ஏற்கெனவே விலக்கப்பட்டவை. இலையில் எஞ்சுவது காய்கறி ஒன்றே. இந்த இக்கட்டில்தான் பூக்கோவாச் 'சோறு' சமைத்துப் பார்த்தோம்.

நடுத்தரப் பூக்கோவா ஒன்றைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, துருவியின் பெரிய கண்ணில் அரிசியளவாகத் துருவுதல் வேண்டும். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பங்கு நீரே. ஆதலால் துருவலைத் துணியிலிட்டுப் பிழிதல் நன்று. அகன்ற தாச்சியில் இரண்டு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய் விட்டு, ஒரு கைப்பிடி கஜுவைப் பொன்னிறமாக வறுத்தெடுத்துக்கொள்க. அவ்வெண்ணெயிலேயே கடுகு, செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை தாளித்து, மஞ்சளும் துருவலும் இட்டுப் பெருநெருப்பில் ஐந்தாறு நிமிடம் கிளறுக. வழக்கமான உளுத்தம்பருப்புக்கு இங்கே இடமில்லை. மூடி வைத்தால் ஆவி இறங்கிக் கூழாகிவிடும். உப்பு நீரை இழுக்கும். ஆகவே அதனைக் கடைசியில் இடுக. இறக்கியபின் தேங்காய்ப்பூ, கஜு, தேசிக்காய்ப் புளி சேர்த்தல் வேண்டும். உப்பையும் விலக்குவோர் உளர்; அவ்வளவு தூரம் போக நமக்கு மனமில்லை.

சுவை எப்படி? சோற்றை நினைத்து உண்பவர் ஏமாறுவர். வறையை நினைத்து உண்பவர் மகிழ்வர். கோவாவின் மணத்தைக் கடுகும் புளியும் அடக்கிவிடுகின்றன. ஆனால் சோறு குழம்பைக் குடிக்கும், இது குடிப்பதில்லை. கத்தரிக்காய்ப் பாற்கறியை ஊற்றினால் இலையெல்லாம் ஓடும். அதே கத்தரிக்காயைப் பிரட்டலாக வைத்தபோது நன்கு பொருந்திற்று.

நூறு கிராம் வெள்ளைச் சோற்றில் ஏறக்குறைய 28 கிராம் மாச்சத்து. அதே நிறைப் பூக்கோவாவில் ஐந்து கிராம் அளவே. நீரிழிவுடையோருக்கு இது சிறு நன்மையன்று. ஆயினும் ஓர் எச்சரிக்கை: சீனியைக் குறைக்கும் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் திடீரெனச் சோற்றை விட்டால், இரத்தத்தில் சீனி அபாயமாகத் தாழக்கூடும். வைத்தியரைக் கேளாமல் தொடங்கலாகாது.

மற்றொரு குறையும் உண்டு. பூக்கோவாவில் புரதம் நூறு கிராமுக்கு இரண்டு கிராமே. ஒரு கைப்பிடி கஜு அதனை ஈடுசெய்யாது. சைவ உணவினர்க்குப் புரதம் தருவன பருப்பும் பயறும் பாலுமே. இறைச்சி உண்போருக்கு வகுத்த விதியை அவர்மேல் அப்படியே சுமத்துவது முறையன்று என்பது நம் கருத்து. தமையனாரின் வைத்தியரும் உடன்பட்டமையால், வெள்ளிக்கிழமைகளில் அவர் இலையில் ஒரு கிண்ணம் அவித்த பயறு இடம்பெறுகின்றது. பேலியோ அன்பர்கள் பொறுத்தருள்க.

பூக்கோவாவின் தண்டை எறிய வேண்டாம். சிறிதாக அரிந்து தனியே வறுக்கலாம். இச்'சோற்றை' மறுநாளைக்கு வைத்தால் நீர் விட்டு மணம் கெடுகின்றது. பழஞ்சோற்றுப் பிரியர்களுக்கு இதில் வழியில்லை.