பீலிக்கரையில் நான்கு கோடுகள்

கண்டிக்கு வருவோர் மலைகளைக் கண்டு மகிழ்ந்து செல்வர். மலையோடு வாழ்வோர்க்கோ, அது காட்டுவது சிறிது, மறைப்பது பெரிது என்பது நாளடைவில் விளங்கும். கதிரவனை மறைக்கும்; காற்றை மறிக்கும். கம்பியின்றி வரும் சேதியையும் அது மறிக்கும் என்பதை நான் உணர்ந்தது 2020ஆம் ஆண்டிலேதான். உணராதிருந்த நாளில் ஒரு மாணவிக்கு நான் இழைத்த அநீதியே இக்கட்டுரைக்குக் காரணம்.

அவ்வாண்டு மார்ச் மாதத்தில் கொள்ளைநோயின் பொருட்டு நாடெங்கும் பள்ளிகள் மூடப்பட்டன. கரும்பலகை ஓய்ந்தது, கைத்தொலைபேசி வகுப்பறையாயிற்று. கண்டி நகரில் என் வீட்டு முன்னறையில் அமர்ந்தபடி, சாதாரண தரப் பரீட்சைக்குரிய மாணவர்க்குத் தமிழ் கற்பித்து வந்தேன். ஹந்தானைச் சரிவிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றைச் சேர்ந்த மாணவி ஒருத்தி பாடம் தொடங்கும்போது இருப்பாள், பத்து நிமிடத்தில் மறைவாள், மீண்டும் தோன்றுவாள், மறுபடியும் மறைவாள். வினா எழுப்பினால் விடை வராது. மூன்று வாரம் பொறுத்தேன். பின்னர்க் குறிப்பேட்டில் அவள் பெயருக்கு எதிரே ‘கவனக்குறைவு’ என்று எழுதினேன். எத்துணை எளிதாக எழுதிவிட்டேன்!

ஊரடங்கு தளர்ந்தபின் ஒருநாள், பாடத்தாள்களைக் கொடுக்கும் பொருட்டு அத்தோட்டத்துக்குச் சென்றேன். கருங்கற் சுவரும் தகரக் கூரையுங் கொண்ட பழைய லயம். கொழும்பில் வேலை செய்யும் தமையன், தங்கையின் படிப்புக்காகச் சிம் அட்டை இட்டு இயக்கும் ரவுட்டர் ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தான். வீட்டிலுள்ள பொருள்களில் விலைமிக்கது அதுவே. ஆகையால் சுவாமி படங்களின் அருகே, இரும்பு அலுமாரியின் மேல், பூவேலை செய்த துணியைப் போர்த்தி அதனைப் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

“வைஃபை முழுசாத்தான் காட்டுது சேர். ஆனா வகுப்பு மட்டும் நின்னு நின்னு போகுது” என்றாள் மாணவி. கைத்தொலைபேசியை வாங்கிப் பார்த்தேன். விசிறி போன்ற அடையாளம் நிறைந்தே இருந்தது. துணியை விலக்கி ரவுட்டரைப் பார்த்தேன். அதில் கோபுரத் தொடர்பைக் காட்டும் விளக்குகளில் ஒன்றே ஒன்று எரிந்துகொண்டிருந்தது.

சிக்கல் அங்கேதான் இருந்தது. கம்பியில்லா இணையம் என்று நாம் ஒரே பெயரால் வழங்குவது உண்மையில் இரண்டு பயணங்களின் தொடர்ச்சியாகும். தொலைவிலுள்ள கோபுரத்திலிருந்து வீட்டு ரவுட்டர் வரை ஒரு பயணம். ரவுட்டரிலிருந்து கையிலுள்ள கருவி வரை மற்றொரு பயணம். வைஃபை என்னும் பெயர் இரண்டாவதற்கே உரியது. விசிறி அடையாளமும் அதனை மட்டுமே காட்டும். வீட்டு வாசலில் பாதை செம்மையாக இருப்பதனால், ஊர்ப் பெருந்தெருவில் பாலம் உடையவில்லை என்று கொள்ளலாமா? அந்தக் குடும்பம் அவ்வாறு கொண்டிருந்தது, நானுந்தான்.

“வேறெங்காவது நன்றாக வருகிறதா?” என்று கேட்டேன்.

“பீலிக்கிட்ட போனா போன்ல நாலு கோடு வரும் சேர். வீட்டுக்குள்ள ஒண்ணுதான். பரீட்சைப் பாடம்னா அங்கதான் போய் நிப்பேன். மழை பெஞ்சா வந்துருவேன்.”

நான் திகைத்து நின்றேன். அவள் மறைந்த பொழுதுகளுக்கெல்லாம் அன்றுதான் பொருள் விளங்கிற்று. நீர் பிடிக்கும் பீலியடியில் நின்றுகொண்டு இலக்கணம் கேட்டவளையா நான் கவனக்குறைவானவள் என்று எழுதினேன்? கவனம் குறைந்தவர் யார்?

அவள் கூற்றிலேயே பரிகாரமும் இருந்தது. பீலிப் பக்கத்தில் பள்ளத்தாக்குத் திறந்திருக்கிறது. எதிர்மேட்டில் கோபுரம் தெரிகிறது. ரவுட்டரில் உள்ள சிம் எந்த நிறுவனத்தினதோ, அதே நிறுவனத்தின் சிம் கைத்தொலைபேசியிலும் இருந்தமையால், அதனையே அளவுகோலாகக் கொண்டு வீட்டைச் சுற்றி வந்தோம். இஸ்தோப்பில் இரண்டு கோடு. நடு அறையில் ஒன்று. பீலியை நோக்கிய குசினிச் சன்னலருகே மூன்று. அடுப்புப் புகையும் நீர்த்துளியும் படாதவாறு, சன்னலோரம் மரப்பலகை ஒன்றை அறைந்து, ரவுட்டரை அதில் அமர்த்தினோம். மறுநாள் அவள் வகுப்பின் இறுதிவரை இருந்தாள். ஐந்து சதமும் செலவில்லை.

அலைகள் ஏன் இவ்வாறு நடந்துகொள்கின்றன? இவ்வினாவுக்கு விடை தேடிச் சிறிது படித்தேன். கம்பியின்றி அலையைச் செலுத்தும் வித்தை நம் நாடுகளுக்கு அந்நியமானதன்று. 1895இல் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் அனுப்பிய மின்காந்த அலை, சுவர்களை ஊடுருவிச் சென்று அப்பாலிருந்த மணியை ஒலிக்கச் செய்தது. செங்கல், மரம், கல் ஆகியவற்றை அலை கடக்கும். ஆயின் கடக்குந்தோறும் வலிமை குன்றும். உலோகமோ அலையைத் திருப்பி எறிந்துவிடும். தகரக் கூரையின் கீழே, இரும்பு அலுமாரியின் மேலே இருந்த அக்கருவியின் நிலையை எண்ணிப் பாருங்கள்!

மழையும் மூடுபனியுமே சிக்னலைக் கெடுப்பன என்று மலைநாட்டில் பலர் நம்புகின்றனர். கைத்தொலைபேசி அலைகளை அவை பெரிதும் தடுப்பதில்லை. இடையில் நிற்கும் மலையும், நனைந்த அடர்ந்த மரச்செறிவுமே தடுப்பன. மழை நாளில் தொடர்பு அறுமாயின், மின்சாரமோ தொலைபேசிக் கம்பியோ பழுதுற்றதா என்று முதலில் பார்ப்பது நன்று.

நகரத்து வீடுகளின் நோய் வேறு. கண்டி நகரில் வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. என் வீட்டில் மாலை வேளையில் கைத்தொலைபேசியைத் திறந்தால், அயலாரின் வைஃபை பெயர்கள் வரிசையாகத் தோன்றும். வைஃபை பெரும்பாலும் 2.4 கிகாஹேட்ஸ், 5 கிகாஹேட்ஸ் என்னும் இரண்டு அலைவரிசைகளில் இயங்குகிறது. முன்னதன் அலைநீளம் ஏறக்குறைய 12 சென்றிமீற்றர். பின்னதன் அலைநீளம் அதிற் பாதி. முன்னது சுவர்களைக் கடந்து தொலைவு செல்லும். ஆனால் அங்கே நெரிசல் மிகுதி. சமையலறை மைக்ரோவேவ் அடுப்பும் அதே வரிசையை அண்டியே இயங்குகிறது. பின்னது விரைவுடையது, ஆயினும் இரண்டு தடித்த சுவர்களுக்குள் களைத்துவிடும். 2.4 வரிசையில் ஒன்றோடொன்று மோதாத ஓடைகள் 1, 6, 11 என மூன்றே. அயலார் யாவரும் ஆறாம் ஓடையில் நெருக்கியிருந்தால், ரவுட்டரின் அமைப்புப் பக்கத்திற் சென்று வேறோர் ஓடையைத் தெரிந்துகொள்ளலாம்.

பழுது நேர்ந்தபோது கோபங்கொள்ளாது வரிசையாக ஆராய்வதே முறை. வீட்டிலுள்ள கருவிகள் எல்லாவற்றிலும் இணையம் இல்லையா, ஒன்றில் மட்டும் இல்லையா? ஒன்றில் மட்டும் என்றால் குற்றம் அக்கருவியினது. எல்லாவற்றிலும் என்றால் ரவுட்டரின் அருகே சென்று பாருங்கள். அருகிற் சீராகவும் அறைக்குள் நலிந்தும் இருந்தால், குற்றம் வைத்த இடத்தினது. அருகிலும் இல்லையெனில், வெளித்தொடர்பு விளக்கை நோக்குங்கள். மின்னிணைப்பை அரை நிமிடம் நிறுத்தி மீண்டும் கொடுங்கள். டேட்டா தீர்ந்துவிட்டதா, கட்டணம் நிலுவையா என்றும் கேளுங்கள். இவ்வளவுக்கும் பின்னரே நிறுவனத்தாரை அழைப்பது முறை. புதிதாக அமைப்போர், கருவியோடு வந்த கடவுச்சொல்லை மாற்றிவிடுதல் வேண்டும். சித்திரையிலும் ஐப்பசியிலும் மாலை இடி முழங்கும் நம் ஊரில், மின்னல் தோன்றுமுன் மின்கம்பியையும் தொலைபேசிக் கம்பியையும் கழற்றிவிடுதலும் வேண்டும்.

இவை யாவும் வீட்டளவில் இயல்வன. வீட்டளவில் இயலாதனவும் உள. 2020இல் பேராதனையை நிலையமாகக் கொண்ட ‘லேர்ன்’ வலைப்பின்னலின் வழியாகப் பல்கலைக்கழக மாணவர்க்குக் கட்டணமின்றி வகுப்புகள் கிடைக்க வகை செய்யப்பட்டது. பணத்தடை அவ்வாறு நீங்கியது, மலைத்தடை நீங்கவில்லை. 2021இல் ஊவாவின் சிற்றூர்ப் பிள்ளைகள் சிக்னலைத் தேடிக் காட்டுப்பாதையில் நடந்து, பாறை உச்சியில் அமர்ந்து பாடங் கேட்ட செய்தியை உலகப் பத்திரிகைகள் படத்துடன் வெளியிட்டன. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் 13 மணி நேரம்வரை நீண்டபோது, மின்கலத் துணையில்லாத ரவுட்டர்கள் யாவும் வெறும் பெட்டிகளாயின. கோபுரமே இல்லாத பள்ளத்தாக்கில் ரவுட்டரை எந்தச் சன்னலில் வைத்து என்ன பயன்? அங்கே பழுது வீட்டினதன்று, நாட்டினது. அதனை வீட்டின் குற்றமென்று கூறிப் பிள்ளையின் தலையிற் சுமத்துவது அறமாகாது.

என் மாணவி எழுதவேண்டிய பரீட்சை ஒத்திவைக்கப்பட்டு, 2021 மார்ச்சில் நடைபெற்றது. பீலிக்கரையில் நில்லாமல், குசினிச் சன்னலோரம் அமர்ந்தே அவள் ஆயத்தமானாள். குறிப்பேட்டில் ‘கவனக்குறைவு’ என்ற சொல்லை அடித்து, அதன் அருகே ‘ஆசிரியருடையது’ என்று எழுதிவைத்தேன்.

இன்றும் வகுப்பில் ஒரு பிள்ளையின் தொடர்பு திடீரென அறுந்தால், பெயரைக் குறிக்கப் பேனாவை எடுப்பதில்லை. மறுநாள் அப்பிள்ளையைத் தனியே அழைத்து, “உன் வீட்டில் எங்கே நின்றால் நன்றாக வருகிறது?” என்றுதான் கேட்கிறேன். இதுவரை விடை தெரியாத பிள்ளை ஒருவரையும் நான் கண்டதில்லை.