மலைப்பாதையும் வண்டித் தடையும்

நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலை, வள்ளல் வல்வில் ஓரி ஆண்ட மலை என்பது சங்க நூல்களால் விளங்கும். அங்கு வாழும் மக்கள் தம் நிலத்தைப் பல நாடுகளாகப் பகுத்து வழங்குவர். அவற்றுள் ஒன்று குண்டூர் நாடு. மலையடியிலுள்ள காரவள்ளியிலிருந்து செம்மேட்டிற்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மோட்டார் சைக்கிளில் செல்வோர்க்கு ஏறும்போது வேண்டுவது ஆற்றல். இறங்கும்போது வேண்டுவது தடை. பிரேக்கு என வழங்கும் அத்தடையின் இயல்பை அறிதல் உயிர்காக்கும் கல்வியாகும்.

1902-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு லாஞ்செஸ்டர் என்பார் தட்டுத் தடைக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய வண்டியில் கைப்பிடியை அழுத்தியவுடன், குழாயிலுள்ள பிரேக் ஆயில் அவ்வழுத்தத்தைக் காலிப்பர் என்னும் உறுப்பிற்குக் கொண்டு செல்கின்றது. அங்குள்ள பிஸ்டன், சக்கரத்தோடு சுழலும் தட்டினைப் பட்டைகள் இரண்டும் இருபுறமும் பற்றுமாறு செய்கின்றது. உராய்வினால் இயக்கம் வெப்பமாக மாறுகின்றது. 200 கிலோகிராம் எடை 1000 மீட்டர் இறங்குங்கால் வெளிப்படும் ஆற்றல், 6 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கச் செய்யப் போதும். அதிற் பெரும்பகுதியைத் தடை தாங்க நேரின், பட்டை தேய்வதில் வியப்பில்லை.

பட்டையின் உராய்வுப் பகுதி ஏறத்தாழ 2 மில்லிமீட்டராகக் குறைந்தாலும், அதிலுள்ள அடையாளப் பள்ளம் மறைந்தாலும் அதனை மாற்றுதல் வேண்டும். காலந்தாழ்த்தின் இரும்பு இரும்போடு உரசித் தட்டும் கெடும்.

வண்டியைச் சமதரையில் அசையாது நிறுத்தி, தடை ஆறியபின் பணியைத் தொடங்குக. முதலில் பட்டைகளைத் தாங்கும் ஊசியைத் தளர்த்திப் பின்னர்க் காலிப்பரின் போல்ட்டுகளைக் கழற்றுக. காலிப்பரைக் குழாயில் தொங்கவிடாது கயிற்றாற் கட்டுக. பழைய பட்டைகள் அமைந்திருந்த முறையை நோக்கியபின் அவற்றை எடுக்க வேண்டும். தூசியை வாயால் ஊதுதல் ஆகாது. ஈரத்துணியால் துடைத்தலே நன்று. பிரேக் ஆயில் வண்ணப் பூச்சைக் கெடுக்குமாதலின், அதன் கலத்தைச் சுற்றித் துணியிட்டு மூடியைத் திறக்க வேண்டும். பின்னர்ப் பிஸ்டனை மெல்ல உள்ளே தள்ளுக. புதிய பட்டைகளை இரண்டாகவே மாற்றி, எண்ணெய்ப் பசை படாமற் பொருத்தி, கையேடு கூறும் அளவிற்கு முடுக்குக. ஆயிலின் அளவைச் சரிபார்த்து மூடியை இடுக.

இறுதியிற் செய்வதே தலையாயது. பிஸ்டன் பின்வாங்கியிருத்தலால் கைப்பிடியின் முதல் அழுத்தம் வீணாகும். ஆதலின் அது இறுகும்வரை பன்முறை அழுத்திய பின்னரே வண்டியை நகர்த்த வேண்டும். இதனை மறந்தவன் முதல் வளைவிலேயே தடையின்றி நிற்பான். புதிய பட்டை தட்டோடு பொருந்தச் சிறிது காலம் வேண்டுமாதலின், சமநிலத்தில் மெல்ல ஓட்டிப் பழகியபின் மலைப்பாதையை நாடுக. பழக்கமில்லாதார் தேர்ந்த மெக்கானிக்கின் துணையோடு செய்தலே முறை.

இறக்கத்தில் கீழ்க் கியரில் செலுத்தினால் எஞ்சினும் வண்டியை அடக்கும். தடையும் மிகுதியாகச் சூடேறாது. விரைந்து செல்லும் ஆற்றல் எவர்க்கும் மகிழ்ச்சி தரும். வேண்டிய இடத்தில் நிற்கும் ஆற்றலே வழிச்செல்வோரை வீடு சேர்க்கும்.