பழைய ராணுவ ஜீப்புக்கு ரிவர்ஸ் விளக்கு ஸ்விச்சு அமைக்கும் முறை

இரண்டாவது உலக யுத்தத்தின்போது, 1941 முதல் 1945 வரை, அமெரிக்காவில் வில்லிஸ், போர்டு என்னும் இரு கம்பெனிகளும் சேர்ந்து 6 லட்சத்துக்கு மேற்பட்ட ஜீப் வண்டிகளைச் செய்தன. யுத்தம் முடிந்தபின் ராணுவத்துக்கு மிகையானவை பல தேசங்களில் விற்கப்பட்டு, அநேகம் விவசாயிகளின் கைக்கு வந்தன. அவற்றுட் சில இன்றும் நல்ல நிலையில் ஓடுகின்றன. ஆயினும் அவற்றில் ஒரு குறை உண்டு. பகைவருக்கு இருப்பிடம் தெரியலாகாது என்று மங்கலான இருட்டடிப்பு விளக்குகளும் பூட்டப்பட்ட அவ்வண்டிகளில், பின்னே செல்லும்போது வெளிச்சம் தரும் வெள்ளை விளக்கு கிடையாது.

யுத்தகளத்துக்கு இது பொருந்தும், நெற்களத்துக்குப் பொருந்தாது. அறுவடைக் காலத்தில் இரவில் களத்தருகே காவலாட்களும் குழந்தைகளும் படுத்திருப்பர். கைப்பிடிச் சுவரில்லாத கிணறுகளும் உண்டு. ஆகையால் ரிவர்ஸ் விளக்கு அமைத்துக் கொள்வது அவசியம்.

கையால் போடும் ஸ்விச்சு போதாதோ எனின், அதில் இரண்டு கெடுதிகள் உள. அவசரத்தில் விளக்கைப் போட மறந்தால் பயனில்லை. அணைக்க மறந்து ரஸ்தாவில் சென்றாலோ, பின்னால் வருவோர் அவ்வெள்ளை வெளிச்சத்தைக் கண்டு எதிரே வண்டி வருவதாக மயங்குவர். எனவே ரிவர்ஸ் கியர் விழும்போது மாத்திரம் விளக்கு தானே எரியுமாறு செய்தல் வேண்டும்.

ஸ்விச்சு இருக்குமிடம்: இந்த ஜீப்பில் முன்செல்லும் கியர்கள் 3, ரிவர்ஸ் 1. கியர் தண்டை இடப்புறம் சாய்த்து முன்னே தள்ளினால் ரிவர்ஸ். இடப்புறம் சாய்த்துப் பின்னே இழுத்தால் முதல் கியர். வலப்புறம் முன்னே இரண்டாவது, பின்னே மூன்றாவது. ஆகவே அழுத்தினால் மின்சாரம் செல்லும் ஸ்விச்சு ஒன்றை, தண்டுக்கு இடப்புற முன்மூலையில் வைத்தல் வேண்டும். கியர் பெட்டி மூடியிலுள்ள போல்ட்டுகளிலேயே ஓர் இரும்புத் தகட்டைப் பொருத்தி, அதில் ஸ்விச்சை முடுக்கலாம். மூடியில் புதிதாகத் துளையிடலாகாது. இரும்புத் துகள் பல்சக்கரங்களில் விழுந்து கெடுக்கும். தண்டு தன் ஓட்டத்தின் கடைசியில் ஸ்விச்சை அழுத்தினால் போதும். ஸ்விச்சு தண்டைத் தடுத்தால் கியர் முழுவதும் விழாமல் நழுவிவிடும்.

கம்பி இழுத்தல்: முதலில் பாட்டரியின் எர்த் இணைப்பைக் கழற்றுக. மின்சாரத்தை இக்னிஷன் ஸ்விச்சிலிருந்து எடுத்து, பியூஸ், புதிய ஸ்விச்சு, விளக்கு என்ற வரிசையில் கொண்டு சென்று, விளக்கின் மறுமுனையைச் சுரண்டிய இரும்பில் எர்த் செய்க. பெயிண்டின் மேலும் துருவின் மேலும் முடுக்கினால் விளக்கு மங்கும்.

இவ்வண்டியின் மின்சாரம் 6 வோல்ட். 21 வாட் பல்பு 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர் இழுக்கும். 6 வோல்ட்டிலோ 3.5 ஆம்பியர். மெல்லிய கம்பியில் வோல்ட் குறைந்து வெளிச்சம் கெடும் என்பதால் 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியே தக்கது. ஒரு விளக்குக்கு 7.5 ஆம்பியர் பியூஸ் போதும். 1950இல் வந்த எம்-38 ஜீப் 24 வோல்ட் வண்டியாகும். அதற்கு அதற்குரிய பல்பே வேண்டும். தகட்டைக் கடக்குமிடங்களில் கம்பிக்கு ரப்பர் வளையம் இடுக. புகைக்குழாயின் அருகே கம்பி செல்லலாகாது.

சோதனை: சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, இஞ்சினை ஓட்டாமல் இக்னிஷனை மட்டும் போட்டு, கிளச்சை மிதித்து ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்க்க வேண்டும். ரிவர்ஸில் தவிர வேறெதிலும், நியூட்ரலில் தண்டை இடப்புறம் சாய்த்தாலும், விளக்கு எரியலாகாது. எரிந்தால் தகட்டைச் சற்று நகர்த்தி மீண்டும் பார்க்க. ரஸ்தாவின் அதிர்ச்சியில் தகடு இடம் பெயரக்கூடுமாதலால், மாதம் ஒரு முறை இச்சோதனையைச் செய்வது நலம்.

விளக்கு அமைத்தபின்னும், களத்தில் வண்டியைப் பின்னே விடும்போது ஓர் ஆள் இறங்கிப் பக்கத்தில் நின்று குரல் கொடுத்தல் வேண்டும். கிராம அதிகாரிகள் இதனைத் தம் ஊரிலுள்ள வண்டிக்காரர்களுக்கு அறுவடை தொடங்குமுன் எடுத்துச் சொல்வது பெரிதும் நன்மை பயக்கும்.