பளுவும் பலமும்



"நாள் முழுவதும் வெளிக்காட்டில் உழைக்கிறோமே, எங்களுக்கு எதற்கு உடற்பயிற்சி?" என்று தோட்டத்தில் பலரும் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. ஆயினும் உழைப்பும் பயிற்சியும் ஒன்றல்ல. பால் வெட்டுகிறவர் மரத்துக்கு மரம் ஒரே விதமாகக் குனிந்து திரும்புகிறார். செம்பனைக் குலை அறுப்பவர் நெடுநேரம் அண்ணாந்தே நிற்கிறார். சில தசைகள் ஓயாமல் உழைத்துக் களைக்கின்றன. வேறு சில போதிய வேலையின்றித் தளர்கின்றன. போதாக்குறைக்கு, முப்பது வயதைத் தாண்டியபின் தசை சிறுகச் சிறுகக் குறையவும் தொடங்குகிறது. தளர்ந்த உடலோடு பளு தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளக் கேட்பானேன்? நாட்கூலிக் குடும்பத்தில் இடுப்பு பிடித்தால் அடுப்பும் அணைந்துவிடும்.

வளர்ந்தவர்கள் வாரத்தில் குறைந்தது 2 நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. இது ஆண்களுக்கு மட்டுமன்று; பெண்களுக்கும் முதியவர்களுக்கும் பொருந்தும்.

இதற்குக் காசு கொடுத்து இரும்புக் குண்டுகள் வாங்க வேண்டியதில்லை. ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. கைப்பிடியுள்ள 5 லிட்டர் சமையல் எண்ணெய்ப் போத்தல்கள் இரண்டைக் கழுவித் தண்ணீர் நிரப்பினால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 5 கிலோ இருக்கும். பாதி நிரப்பினால் இரண்டரைக் கிலோ. கூடவே ஆடாத நாற்காலி ஒன்று போதும். ஆனால், புல் மருந்து வந்த டப்பாவை எத்தனை முறை கழுவியிருந்தாலும் இதற்கு எடுக்கவே கூடாது.

முதலில் 5 நிமிடம் நடந்து, கைகால்களை வீசி உடம்பைச் சூடேற்றிக்கொள்வோம். பிறகு, நாற்காலியில் உட்கார்ந்து எழுவோம், இது தொடைக்கு. அடுத்து, சுவரில் கைகளை ஊன்றி மார்பை அருகே கொண்டுசென்று தள்ளுவோம்; பழகியபின் தரையில் தண்டால் எடுக்கலாம். மூன்றாவதாக, ஒரு கையை நாற்காலியில் ஊன்றி, முதுகை நேராக வைத்து முன்னே சாய்ந்து, மறு கையால் போத்தலை இடுப்பு வரை இழுப்போம். நான்காவதாக, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை மெல்ல உயர்த்துவோம். ஒவ்வொன்றையும் 10 முறை செய்து, ஓரிரு நிமிடம் இளைப்பாறி, மீண்டும் 10 முறை செய்வோம். ஒரு நாள் பயிற்சி என்றால் மறுநாள் ஓய்வு. இரண்டு சுற்றிலும் 12 முறை எளிதாக வந்த பிறகே அரை லிட்டர் தண்ணீர் கூட்டுவோம்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. டின்களில் சிமெண்டு நிரப்பி, கம்பியில் கோத்து, பலகையில் படுத்துக்கொண்டு தூக்குகிறீர்கள். துணைக்கு ஆளில்லாத வேளையில் கை தளர்ந்தால் கம்பி மார்பிலோ கழுத்திலோ விழும். அதே தசைகளைத் தண்டாலும் வளர்க்கும்.

தலைக்கு மேல் தூக்கும்போது முதுகைப் பின்னால் வளைப்பதும் ஆபத்தே. சிங்கப்பூருக்கு முதல் ஒலிம்பிக் பதக்கத்தை 1960இல் ரோம் நகரில் வென்று தந்தவர் பளுதூக்கும் வீரர் டான் ஹாவ் லியாங். அக்காலப் போட்டியில் மூன்று வகைத் தூக்கல்கள் இருந்தன. அவற்றில் 'பிரஸ்' என்ற தூக்கலில் வீரர்கள் வரவரப் பின்னால் வளையத் தொடங்கினர். நடுவர்களுக்குத் தீர்ப்புச் சொல்வது கடினமாயிற்று. முதுகுக்கும் கேடு என்ற கவலை எழுந்தது. 1972ஆம் ஆண்டு ஒலிம்பிக்கிற்குப் பின் அந்தத் தூக்கலே நீக்கப்பட்டது. உலக வீரர்களுக்கே ஆகாத வளைவு நமக்கு எதற்கு?

தூக்கும்போது மூச்சை அடக்கினால் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். ஆகவே, பளு மேலே போகும்போது மூச்சை வெளியே விட வேண்டும். மறுநாள் தசையில் தோன்றும் இலேசான வலி இயல்பானது. ஓரிரு நாளில் அடங்கிவிடும். மூட்டில் சுருக்கென்று குத்தினால் அந்தப் பயிற்சியை நிறுத்த வேண்டும். நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இரத்த அழுத்தம், இருதய நோய் உள்ளவர்களும் கருவுற்ற தாய்மார்களும் மருத்துவரைக் கேட்டபின்பே தொடங்க வேண்டும்.

இங்கே பழகியதை வேலையிலும் கையாள்வோம். பால் வாளியானாலும் குலையானாலும் முழங்காலை மடக்கி, பளுவை உடம்போடு அணைத்துத் தூக்குவோம். திரும்பும்போது இடுப்பை முறுக்காமல் காலை எடுத்து வைத்துத் திரும்புவோம். எத்தனை கிலோ தூக்கினோம் என்பது ஒரு நாள் பேச்சு. அறுபது வயதிலும் பேரப்பிள்ளையை இடுப்பில் தூக்கி நடக்கும் பலமே நமக்கு வேண்டியது.